பதின்மூன்று காலனிகளும் எங்கள் காலனியும்

1

ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஐந்து நாள் ஆனது.

என் மகள் மலர்விழி இங்கே அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நீல நிறத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வரலாற்றுப் பாடத்துக்காக அவள் எழுதிய கட்டுரையை நல்ல கட்டுரைகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை பிற்பகல் பெற்றோர்கள் கூடும் மண்டபத்தில் மேடையேறிப் படிக்க வேண்டுமாம். அதற்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும். இந்த நாட்டில் பிள்ளைக்குத் தலைவலி மாத்திரை கொடுக்க ஒரு தாள், மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக ஒரு தாள். நான் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் இல்லை. அன்றும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் தலைப்பு கண்ணில் பட்டது. 'என் அப்பாவின் காலனி.'

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தென்னார்க்காட்டு வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஊர். காலனி என்றால் ஊருக்கு வெளியே, வயலுக்கு அந்தப் பக்கம், சர்க்கார் வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகள். அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்தது. கூரை மாறியது, பெயர் மாறியது, நடுவில் இருந்த வயல் மட்டும் அப்படியே கிடந்தது. "எங்கேருந்து வர்றே?" என்று கேட்டு, "காலனிங்க" என்று பதில் வந்துவிட்டால், கேட்டவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும்.

நான் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காலனியில் வளர்ந்தவன். பெயர் ஏழுமலை. இதை இந்த ஊரில் இருக்கும் தமிழர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. தமிழர்கள் என்பதும் பெரிய வார்த்தை. எங்களை விட்டால் இங்கே ஒரே ஒரு குடும்பம்தான்.

2

இங்கே நான் மண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். விவசாயிகள் பையில் மண்ணைப் போட்டு அனுப்புவார்கள். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் என்னை 'ஈஸி' என்று கூப்பிடுகிறார்கள். ஏழுமலையில் வரும் ழ அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. கொஞ்ச நாள் போராடிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் வரும் E, Z என்ற இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டார்கள். ஈஸி என்றால் சுலபம் என்று அர்த்தம். என் வாழ்க்கை தெரிந்தவர்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

வந்த புதிதில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் என் பள்ளிச் சான்றிதழைப் புரட்டிய அதிகாரி, ஊர் என்ற இடத்தில் காலனி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "பிரிட்டிஷ் காலனியா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம்" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவர் என்னோடு உறவு கொண்டாடியது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து குளிரில் தனியாக நின்று சிரித்தேன்.

என் மனைவி மரகதத்துக்கு அப்படிச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய ஆங்கிலம் யெஸ், நோ, தேங்க்யூவோடு நின்றுபோனது. முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கடையில் தோலோடு குவித்து வைத்திருந்த நிலக்கடலையைக் கண்டுவிட்டு, "இன்னா, இங்க பாரேன், மல்லாட்டை!" என்று கத்தினாள். அடுத்த வரிசையில் நின்றிருந்த ஒரு புடவைக்கார அம்மாள் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மல்லாட்டைன்னா சொன்னீங்க? எந்த ஊரும்மா நீங்க?"

அவர்தான் கமலா. விழுப்புரத்துக்காரர். கணவர் சுந்தரம் இங்கே டயர் தொழிற்சாலையில் இன்ஜினீயர். பத்தாயிரம் மைல் தாண்டி வந்து, நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற இரண்டு பெண்கள் ஒரு கடைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கடைக்காரர் யாருக்கோ சாவு என்று நினைத்துவிட்டார்.

மரகதம் திண்டிவனம் என்று சொல்லி வைத்தாள். அன்று மாலையே வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சுந்தரம் கேட்ட முதல் கேள்வி, "திண்டிவனத்துல எந்தப் பக்கம் சார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஸ்டேஷன் பக்கம்" என்றேன். மரகதம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்று வருஷம் அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருந்தோம். வீட்டில் இன்னா, வந்துகினு, போய்க்கினு என்று பேசுகிற மரகதம், கமலா வீட்டுப் படியேறியதும் என்ன, வந்துட்டு, போயிட்டு என்று மாறிவிடுவாள். என்னை 'நீ' என்பவள் அங்கே 'நீங்க' என்பாள். கமலாவும் பேச்சுக்குப் பேச்சு கினு போடுகிறவர்தான். இருந்தாலும் இவளுக்குப் பயம். அதே சமயம் கமலாவிடம் போன் பேசாத நாள் மரகதத்துக்கு நாளே இல்லை. ரசத்துக்குப் புளி கிடைக்காததிலிருந்து பல் வலி வரைக்கும் எல்லாம் கமலாக்காவிடம் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் வீட்டில் எப்போது போனாலும் காகிதக் கப்பில்தான் டீ. அவர்களும் அதிலேயே குடிப்பார்கள். "கழுவற வேலை மிச்சம், எல்லாம் அமெரிக்காப் பழக்கம்" என்பார் கமலா. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். கேட்டால், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, விரதம்" என்பார். அந்த அம்மாளுக்கு வாரத்தில் நாலைந்து வெள்ளிக்கிழமை வந்தது. நான் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

3

ஐம்பதுகளின் தொடக்கம். நான் திண்டிவனத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவன். கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ், பஸ் இல்லாவிட்டால் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற மாட்டு வண்டி. ஒரு நாள் வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்கா வந்தது. "அமெரிக்காவுல மொத்தம் பதிமூணு காலனி இருந்திச்சு" என்று வாத்தியார் ஆரம்பித்தார். புத்தகத்தில் 'குடியேற்ற நாடுகள்' என்று அச்சிட்டிருந்ததை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவில் காலனி இருக்கிறதா! அதுவும் பதின்மூன்றா! எனக்குத் தெரிந்து எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாலுதான்.

அந்தக் காலனி ஜனங்களிடம் வரி மட்டும் வாங்குவார்களாம், சபையில் உட்கார இடம் தர மாட்டார்களாம். எனக்குப் புரிந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு நாள் காலனிக்காரர்கள் கப்பலில் ஏறித் தேயிலையை எல்லாம் கடலில் கொட்டிவிட்டார்களாம். அது எனக்கு வகுப்பில் இருந்த மற்ற எல்லோரையும்விட நன்றாகவே புரிந்தது.

எங்கள் கூட்டு ரோட்டு டீக்கடையில் பந்தல் காலில் ஒரு ஆணி அடித்திருக்கும். அதில் காது வைத்த அலுமினிய டம்ளர்கள் தொங்கும். கண்ணாடி டம்ளர் ஊருக்கு, அலுமினியம் காலனிக்கு. நாமே ஆணியிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும். கடைக்காரர் மேலே படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்து முடித்ததும் நாமே கழுவித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அரையாண்டுப் பரீட்சையில், காலனிக்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குக் காரணம் என்ன என்று கேள்வி வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். காலனிக்காரர்களுக்கு மட்டும் தனி டம்ளரில் டீ கொடுத்தார்கள். குடித்த டம்ளரை அவர்களையே கழுவச் சொன்னார்கள். அவர்கள் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பதின்மூன்று காலனியும் ஒன்றுசேர்ந்து, இந்த டீயே எங்களுக்கு வேண்டாம் என்று கடலில் கொட்டிவிட்டுச் சுதந்திரம் வாங்கிக்கொண்டார்கள்.

வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "டேய் ஏழுமல, காலனின்னா உங்க காலனி இல்லடா!" என்றார். பையன்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வாத்தியார் பொல்லாதவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும், "கையெழுத்து நல்லா கீது. அதுக்கோசரம் ரெண்டு மார்க்" என்று போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'அமெரிக்கா'. "இன்னாடா அமெரிக்கா, டீ குடிச்சியா?" என்பார்கள். நான் இங்கே வந்து குடித்தனம் நடத்துவேன் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கினால் கூட்டு ரோட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மூட்டை தூக்கிவிட்டு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "வாடா, ஆளுக்கொரு டீ போடுவோம்" என்று ஆணியிலிருந்து இரண்டு டம்ளரை எடுத்தார். என் டம்ளரில் டீ விழுந்தது. நான் அதை அப்படியே ரோட்டில் கொட்டினேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன்டா கொட்டுனே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஈ விழுந்துடுச்சிங்க. சின்னப் புள்ள, ஊத்திட்டான்."

அப்பா எனக்கு முன்னால் நடந்தார். வரப்பில் இறங்குகிற இடத்தில் நின்று திரும்பினார்.

"நாளைக்கும் கொட்டுவியா?"

"ம்."

"நெசமாவா?"

"நெசமாதான்."

"அப்ப நாளையிலேருந்து நமக்கு டீ வாணாம்."

டீ என்றால் உயிரை விடுகிற மனிதர். சாகிற வரைக்கும் அந்தக் கடைப் பந்தலுக்குள் அவர் கால் வைக்கவில்லை.

4

இவ்வளவையும் நான் மலரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் அவள் வரைபடத்தில் பதின்மூன்று காலனிகளுக்கும் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் தவறி, "உங்கப்பனும் காலனிக்காரன்தான்" என்றேன். அவள் பிடித்துக்கொண்டாள். டீயைக் கொட்டிய கதையைச் சொன்னேன். எதற்காகத் தனி டம்ளர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இங்கே பிள்ளைகளுக்கு வரலாறு கப்பலோடு முடிந்துவிடுவதில்லை. கறுப்பு மக்கள் பஸ்ஸில் எங்கே உட்கார வேண்டியிருந்தது, எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது, மாணவர்கள் ஓட்டல்களில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்றது, எல்லாம் பாடமாக வருகிறது. அதைப் பற்றிக் கதை படிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள்.

"அப்பா, உங்க கப்பு அந்தக் குழா மாதிரியா?" என்று மலர் கேட்டாள். அவளுடைய தமிழ் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டு வருகிறது. ஆனால் கேள்வி தேயவில்லை.

"அது வேற, இது வேற" என்றேன். மண்ணைப் பரிசோதித்து உள்ளதை உள்ளபடி எழுதுகிற வேலை எனக்கு. சொந்த மகளுக்கு இப்படி ஒரு பதில் சொன்னேன்.

"உங்க காலனிக்கு எப்போ ஃப்ரீடம் கெடச்சுது?"

"அப்புறம் சொல்றேம்மா."

அதையும் அப்படியே கட்டுரையில் எழுதி வைத்திருந்தாள்.

கட்டுரையை வாங்கிப் படித்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை, பயம். சுந்தரத்தின் பையன் பாபுவும் அதே பள்ளிக்கூடம். சனிக்கிழமை அவர்களும் மண்டபத்துக்கு வருவார்கள். மற்றவர்கள் காதில் காலனி என்றால் வெள்ளைக்காரன் ஆண்ட தேசம் என்று விழும். அந்த இரண்டு பேர் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

"மலரு, காலனின்னு வர்ற எடத்துல கிராமம்னு மாத்திடேன்."

"ஏன்?"

"கேக்க நல்லா இருக்கும்."

"லெசனே காலனி பத்திதானே அப்பா? மாத்தினா தப்பாயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "காலனின்னா பேட் வேர்டா?"

அதற்குள் சமையலறையிலிருந்து மரகதம் வந்தாள். மகளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்த ஊருல வாயத் தொறந்து பேச ஒரே ஒரு ஆளு. அதையும் கெடுத்துப்புடாத" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் விழுப்புரம். கல்யாணமான புதிதில் எனக்கு அங்கே வேலை. எனக்கு அந்த ஊரில் பிடித்த இடம் ரயில்வே ஜங்ஷன். டீ விற்பவர் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. வண்டி கிளம்புகிற அவசரத்தில் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி டம்ளர். ஆனால் ஜங்ஷனில் குடியிருக்க முடியாதே, ஊருக்குள் வாடகைக்கு வீடு பிடித்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் மரகதமும் ஒரே கிணற்றடியில் துணி துவைத்து, சேர்ந்து பூக் கட்டி, அக்கா தங்கை போல ஆகிவிட்டார்கள். மூன்றாம் மாதம் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார். அவர்கள் பதிலுக்கு எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரமே வீட்டுக்காரர் வந்தார். "வீட்ட இடிச்சிக் கட்டப் போறோம், காலி பண்ணிக்குங்க" என்றார். அந்த வீடு இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி நிற்பதாகக் கேள்வி. வீடு போனதை மரகதம் பெரிதாக நினைக்கவில்லை. கிணற்றடியில் இவளைப் பார்த்ததும் அந்தப் பெண் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதை நினைத்தால் மரகதத்துக்கு இன்றும் கண் கலங்கும்.

5

வெள்ளிக்கிழமை காலை. தாளைக் கொடுக்கக் கடைசி நாள். நான் தாளைப் பையில் வைத்துக்கொண்டு காலணியை மாட்டிக்கொண்டிருந்தேன். மலர் பால் குடித்துக்கொண்டே அவள் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, மிஸ்கிட்ட தொண்ட வலின்னு சொல்லிடறேன். அப்பா சைன் பண்ண வாணாம். அப்பாவுக்குப் பயமா இருக்குது."

மரகதம் கையில் இருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். என்னை நோக்கி வந்தாள்.

"உங்கப்பா ஈ விழுந்துடுச்சின்னாரு. நீ ஸ்டேஷன் பக்கம்னே. இப்ப இவ தொண்ட வலின்றா. பதினோரு வயசு. இன்னும் எத்தினி பேரு பொய் சொல்லணும்?"

"கமலா..." என்று இழுத்தேன்.

"போனா போவட்டும். நான் ஊமையா இருந்துக்கறேன். ஜல்தியா கையெழுத்தப் போடு, பஸ்ஸு வந்துடப் போவுது."

இழப்பது நான் இல்லை, அவள்தான். அவளே சொன்ன பிறகு நான் என்ன யோசிக்க முடியும்? தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

6

மண்டபம் நிறைந்திருந்தது. சுந்தரமும் கமலாவும் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கமலா மரகதத்தின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நம்ம பொண்ணு மேடையில ஏறுது பாரு" என்றார். மரகதம் தலையை ஆட்டினாள். அவள் கை கமலாவின் கைக்குள்ளேயே இருந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர் தெளிவாகப் படித்தாள். அப்பாவின் காலனி ஊருக்கு வெளியே இருந்தது. கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் ஆணியில் தொங்கியது. அவர்களே அதைக் கழுவ வேண்டும். அப்பா பரீட்சையில் எழுதிய விடையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை அவர் டீயைக் கொட்டினார், தாத்தா ஈ விழுந்தது என்றார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக்கொட்டினார்கள்.

கமலாவின் கை மெதுவாக விலகியது. பிடுங்கிக்கொள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்யப் போன கை திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

"உங்கள் காலனிக்கு எப்போது விடுதலை கிடைத்தது என்று என் அப்பாவைக் கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்றார். நான் காத்துக்கொண்டிருக்கிறேன்" என்று மலர் முடித்தாள். பலத்த கைதட்டல்.

மண்டபத்தின் பின்பக்கம் காபி வைத்திருந்தார்கள். மலரின் ஆசிரியை என்னைத் தேடிவந்து கையைக் குலுக்கினார். வெள்ளைக்கார அம்மாள், நல்ல மனசுக்காரர், கண் கலங்கியிருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் உங்களை இப்படியா நடத்தினார்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது என்றார். பக்கத்தில் சுந்தரம் கப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரண்டடி தள்ளிக் கமலாவும் மரகதமும்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். வெள்ளைக்காரன் தலையில் எவ்வளவோ பழி, இதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகட்டும். சுந்தரமும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிரிட்டிஷ்காரர்கள் இல்லை அம்மா" என்றேன் ஆங்கிலத்தில். "அந்த ஆணியை அடித்தது எங்கள் ஊர்க்காரர்கள்தான். எங்கள் ஊரில் காலனி என்றால் எங்களைத் தள்ளி வைத்த இடம். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்த டம்ளர் அங்கேயேதான் தொங்கியது."

என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. ஆசிரியை என் கையை இன்னொரு தடவை பிடித்தார். சுந்தரம் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். கமலா, "பாபு, வா, லேட்டாவுது" என்று பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் போனுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டாள்.

7

மூன்று வாரம் போன் அடிக்கவில்லை. மரகதம் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அது என்னை இன்னும் வதைத்தது. சமைத்தாள், துவைத்தாள், மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு நாள் மல்லாட்டை அவித்து வைத்தாள், அவளே தொடவில்லை. நான் கையெழுத்துப் போடாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நினைத்தேன். மலரைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும். மறுபடி மரகதத்தைப் பார்த்தால் திரும்ப வரும்.

நாலாவது வாரம் போன் வந்தது. "ஞாயித்துக்கெழம வாங்க, டீ குடிக்க" என்று கமலா சொன்னாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

போனோம். சுந்தரம்தான் கதவைத் திறந்தார். உட்கார்ந்ததும், மனதில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போலக் கடகடவென்று சொன்னார்.

"ஸ்டேஷன் பக்கம்னு நீங்க சொன்ன அன்னிக்கே எனக்குச் சந்தேகம் சார். மேல கேக்கல. கேக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

அப்போது கமலா உள்ளேயிருந்து தட்டோடு வந்தார். தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள். விழுப்புரத்திலிருந்து கொண்டுவந்த சீர் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் அவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. இந்த வீட்டில் இப்படி டம்ளர்கள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. காகிதக் கப், வாழைப்பழம், வாரத்தில் நாலைந்து வெள்ளிக்கிழமை. கோபம் தலைக்கு ஏறியது.

"அப்ப மூணு வருஷமா பேப்பர் கப்பு?" என்றேன்.

கமலா தட்டை வைத்தார். மறுக்கவில்லை. "மொதல்ல சும்மாதான் வெச்சேன். அப்புறம் இவரு சந்தேகம்னு சொன்னாரு. அதுலேருந்து மாத்தவே இல்ல. அவ எங்கூட அவ்ளோ ஒட்டிக்கினு இருக்கா, நான் இப்பிடிப் பண்ணிக்கினு இருந்திருக்கேன். அன்னிக்கு மலரு படிக்கறப்ப எனக்கு அந்த எடத்துல உக்கார முடியல. யாருகிட்டப் போயி இதச் சொல்லுவேன்? இவளக் கூப்பிட்டுத்தான் சொல்லணும், இவளக் கூப்பிடவும் மொகமில்ல" என்று அழுதார்.

மரகதம் டம்ளரை எடுத்தாள். நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து டம்ளரோடு நேராகத் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளுடைய கைக்கு அதுதான் பழக்கம்.

கமலா பின்னாலேயே ஓடினார். "குடு இங்க."

"இருக்கட்டும்க்கா. கழுவிக் குடுத்துடறேன்."

"குட்றின்னா குடு."

அந்த வீட்டில் மரகதத்தை யாரும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. இருவரும் ஒரே டம்ளரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மரகதம்தான் விட்டாள். கமலா கழுவினார். தேவைக்கு மேல் நேரம் கழுவினார். மரகதம் பக்கத்தில் நின்று, "இன்னாக்கா, தேஞ்சிடப் போவுது" என்றாள். 'என்னக்கா' இல்லை, 'இன்னாக்கா'.

என் டம்ளர் என் முன்னால் இருந்தது. கொட்டிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் தீரவில்லை, இன்றும் முழுக்கத் தீரவில்லை. மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டுவேனா மாட்டேனா என்று பார்க்கிறாள் என்று தெரிந்தது. டீ ஆறிப் போயிருந்தது. குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

திரும்பி வரும்போது மலர் காரில் கேட்டாள்: "அப்பா, இப்போ ஃப்ரீடம் வந்துடுச்சா?"

இந்தத் தடவை அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "ஊருக்கு எழுதிக் கேக்கணும்மா" என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது கூட்டேரிப்பட்டுக் கூட்டு ரோட்டில் இறங்கிப் பாருங்கள். டீக்கடை, பந்தல் கால், ஓர் ஆள் உயரத்தில் ஆணி. அது இன்னும் இருக்கிறதா, அதில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்து ஒரு கார்டு போடுங்கள். எனக்கு மனசு கஷ்டப்படுமே என்று மாற்றி எழுத வேண்டாம். என் மகள் காத்துக்கொண்டிருக்கிறாள்.